பின் சக்கர ஹப்பும் பேரிங்கும்: வீட்டிலேயே மாற்றும் முறை

பின் சக்கர பேரிங்கைக் கழற்றுவதற்குப் பலம் வேண்டும். மாட்டுவதற்கு நிதானம் வேண்டும். கழற்றும்போது அடித்த அடியை மாட்டும்போதும் அடித்தால், புதிதாகப் போட்ட பேரிங் சில மாதங்களிலேயே மறுபடியும் கத்தத் தொடங்கும். பிறகு கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. பேரிங்கின் ஆயுளில் பெரும்பங்கு அதை மாட்டுகிற அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. நீங்கள் கொடுக்கும் விசை பேரிங்கின் எந்தப் பகுதி வழியாகப் போகிறது என்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அதையே கவனிக்கப் போகிறோம்.

உங்கள் வண்டி எந்த வகை?

இந்த அத்தியாயம் முன் சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களுக்கானது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. இவற்றில் பின் சக்கரத்துக்கு எஞ்சினின் விசை போவதில்லை. சக்கரம் சும்மா உருள்கிறது. பின் சக்கரங்களால் தள்ளப்படும் ஆம்னி, பொலீரோ போன்றவற்றில் பேரிங் ஆக்ஸில் குழாய்க்குள் இருக்கும். அதைக் கழற்றும் முறையே வேறு. அவற்றுக்கு இந்த வழி பொருந்தாது.

முன் இழுவைக் கார்களின் பின் சக்கரத்தில் மூன்று அமைப்புகள் உண்டு.

முதல் வகையில் ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டு. அது ஆக்ஸிலோடு நிலையாக நிற்கும் ஸ்பிண்டிலில் ஏறி, நடுவில் ஒரு பெரிய நட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். 1996 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாம் வகையிலும் ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டுதான். ஆனால் நடு நட்டு இருக்காது. நான்கு போல்ட்டுகளால் ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். டொயோட்டா கரோலாவில் இதைக் காணலாம்.

மூன்றாம் வகையில் தனி ஹப் கிடையாது. பிரேக் டிரம்மே ஹப்பாக வேலை செய்யும். பேரிங் அதற்குள் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். மாருதி 800 இந்த வகை.

முதல் வகையை விரிவாகப் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் எளிது.

கத்துவது பேரிங்தானா?

பேரிங் கெடத் தொடங்கியதும் ஓட்டத்தில் ஓர் ஊளைச் சத்தம் வரும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். ஓடும்போது கிளட்சை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால், அது எஞ்சினிலிருந்து வரவில்லை. சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது.

அடுத்து, ஆளில்லாத அகலமான சாலையில் மிதமான வேகத்தில் வண்டியை மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங்தான் காரணம். இதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பேரிங்குகள் எதிர்மாறாகவும் நடந்துகொள்ளும்.

டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருந்தாலும் இதே போன்ற சத்தம் வரும். வேறுபடுத்த ஒரு வழி உண்டு. கரடுமுரடான சாலையிலிருந்து வழவழப்பான புதுச் சாலைக்கு வரும்போது டயர் சத்தம் தெளிவாக மாறும்; பேரிங் சத்தம் மாறாது. சந்தேகம் தீரவில்லையென்றால் பின் டயர்களை முன்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் முன்னுக்கு வந்தால் குற்றவாளி டயர்தான்.

கடைசிச் சோதனை சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியபின். ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங்கின் அதிர்வு, கல் சிக்கிய கிரைண்டர் ஓடுவதுபோல், ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். பிறகு டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஆட்டம் இல்லை என்பதாலேயே பேரிங் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. ஆட்டம் வருமுன்பே சத்தம் வந்துவிடும்.

ஏன் கெடுகிறது?

பேரிங் தேய்ந்து சாவதைவிட, நீர் புகுந்தோ அடிபட்டோ சாவதுதான் அதிகம். ஓடிச் சூடான ஹப் வெள்ளத்தில் திடீரென்று மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் கெட்டு, துரு பிடித்து, சில வாரங்களில் ஊளை தொடங்கும். மழைக்கால வெள்ளத்தில் ஓடிய வண்டிகளில் இது வழக்கம். வாட்டர் சர்வீஸில் அழுத்தமான நீரை ஹப்பின் சீலில் நேராகப் பாய்ச்சினாலும் இதே கதிதான்.

இன்னொன்று அடி. வேகத்தில் குழியில் இறங்கும்போது குண்டுகள் தங்கள் பாதையில் பள்ளம் பதித்துவிடும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பள்ளங்களில் இறங்கி ஏறுவதுதான் சத்தமாகக் கேட்கிறது. மூன்றாவது காரணம் கூடுதல் பாரம். குண்டு பேரிங்கின் ஆயுள் பாரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். பாரம் இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போடுபவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது.

பாகம் வாங்கும்போது

வண்டியின் மாடல், ஆண்டு, சேசிஸ் எண், ஏ.பி.எஸ். உண்டா இல்லையா ஆகிய நான்கையும் சொல்லி வாங்குங்கள். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஹப்புகளில் ஒன்றில் மட்டும் ஏ.பி.எஸ். சென்சாருக்கான வளையம் இருக்கும். எஸ்.கே.எஃப்., என்.எஸ்.கே., என்.டி.என்., கோயோ, டிம்கென் போன்றவை பெயர்பெற்ற பேரிங் பிராண்டுகள். பெயர்பெற்றதால் போலிகளும் உண்டு. எஸ்.கே.எஃப். தன் பொருள் அசலா என்று படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்க ஒரு செயலியே வைத்திருக்கிறது. தெரிந்த கடையில் பில்லோடு வாங்குவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. பழைய உதிரிபாகச் சந்தையில் மற்ற எதையும் வாங்கலாம். பேரிங்கை மட்டும் வாங்காதீர்கள். அது பட்ட அடி வெளியே தெரியாது.

ஹப்போடு சேர்த்துப் புது நடு நட்டும் தூசு மூடியும் வாங்கிவிடுங்கள். ஒருபக்கம் மட்டும் கெட்டிருந்தால் ஒருபக்கம் மட்டும் மாற்றினால் போதும்.

தேவையான கருவிகள்

- ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டைகள்
- வீல் ஸ்பேனர், நடு நட்டுக்குப் பொருந்தும் ஆறுமுக சாக்கெட், நீளமான கைப்பிடி
- நடு நட்டின் அளவுக்கு எட்டும் டார்க் ரென்ச்
- சிறு உளி, மழுங்கிய முனையுள்ள பஞ்ச், சுத்தியல், ரப்பர் சுத்தியல்
- டிரம்மைத் தள்ளிக் கழற்ற இரண்டு 8 மி.மீ. போல்ட்டுகள்
- ஸ்லைடு ஹாமர். வாடகைக்கோ தெரிந்த மெக்கானிக்கிடமோ கிடைத்தால் நல்லது
- துரு இளக்கும் ஸ்பிரே, பிரேக் கிளீனர், கம்பி பிரஷ், மெல்லிய உப்புத்தாள்
- கண்ணாடி, கையுறை, முகக்கவசம்

இந்தப் பட்டியலில் எதற்கும் மாற்று தேடலாம், ஜாக்கி ஸ்டாண்டுக்கும் கண்ணாடிக்கும் டார்க் ரென்ச்சுக்கும் தவிர. அவை கிடைக்கவில்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

வண்டியைத் தூக்குதல்

கெட்டியான, சமமான தரையில் நிறுத்துங்கள். மண்தரையாக இருந்தால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை போடுங்கள். டிரம் கழல வேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கை இறக்கியே ஆகவேண்டும். ஆகவே வண்டி நகராமல் காப்பது கியரும் முட்டுக்கட்டையும்தான். முதல் கியரில் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வையுங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். கதவுக்குக் கீழே கம்பெனி குறித்திருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கி கொடுங்கள். பின் ஆக்ஸிலின் நடுவில் கொடுத்தால் அது வளையக்கூடும். தூக்கியவுடன் ஸ்டாண்டில் இறக்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கக்கூடியவை. அவற்றின் மேல் வண்டியை நிறுத்தக்கூடாது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்டு சறுக்கினாலும் வண்டி அதன்மேல் நிற்கும்.

கழற்றும் வரிசை

1. நடுவிலுள்ள தூசு மூடியை உளியால் சுற்றிலும் மெல்ல நெம்பி எடுங்கள்.

2. நட்டின் விளிம்பு ஸ்பிண்டிலின் காடிக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பைச் சிறு உளியால் நிமிர்த்துங்கள். நிமிர்த்தாமல் திருகினால் ஸ்பிண்டிலின் மரை போய்விடும்.

3. நட்டைத் தளர்த்துங்கள். ஸ்பிண்டில் சுழலாது, ஆகையால் யாரும் பிரேக் மிதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் நீளக் கைப்பிடியில் வேகமாகத் தொங்கினால் ஸ்டாண்டின் மேல் நிற்கும் வண்டி ஆடும். அதனால் சக்கரத்தின் நடுத்துளை வழியாக சாக்கெட் எட்டுகிற வண்டியில், முதல் இரண்டு படிகளையும் நட்டின் முதல் இளக்கலையும் சக்கரம் தரையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். நட்டு இளகியபின் வண்டியை அரை அடிகூட உருட்டாதீர்கள்.

4. டிரம்மைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் துருவால் இறுகியிருக்கும். ஸ்பிரே அடித்துக் காத்திருந்து, சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் தலையில் ஓர் அடி கொடுத்தபின் திருகுங்கள்.

5. ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிரம்மை இழுங்கள். வரவில்லையென்றால் டிரம் முகத்திலுள்ள இரண்டு மரைத் துளைகளில் 8 மி.மீ. போல்ட்டுகளை ஏற்றி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். டிரம் தானாக வெளியே நகரும். உள்விளிம்பில் பிரேக் ஷூ மாட்டிக்கொண்டால் ஷூவின் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள்.

6. டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்றடித்துத் துரத்தவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடையுங்கள்.

7. நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு ஹப்பை நேராக வெளியே இழுங்கள். பல வண்டிகளில் கையோடு வந்துவிடும். வராவிட்டால் வீல் போல்ட்டுகளில் ஸ்லைடு ஹாமரைப் பொருத்தி இழுக்கலாம். இந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகிறது. பழைய பேரிங் குப்பைக்குப் போவதால் கவலை இல்லை.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் நான்கு, ஐந்தாம் படிகளுக்கு முன் காலிப்பரையும் அதன் தாங்கியையும் கழற்ற வேண்டும். காலிப்பரைக் கம்பியால் சுருள் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை விழக்கூடாது.

ஸ்பிண்டிலைப் பார்வையிடுதல்

ஹப் வந்தபின்னும் பேரிங்கின் உள்வளையம் ஸ்பிண்டிலிலேயே ஒட்டி நிற்கலாம். புல்லரால் இழுத்து எடுங்கள். அசையவில்லையென்றால் கிரைண்டரால் வளையத்தின் கனத்தில் பெரும்பகுதிக்கு ஒரு கீறல் போட்டு, உளியை வைத்து ஓர் அடி அடித்தால் வெடித்துக் கழலும். கீறல் ஸ்பிண்டிலைத் தொடக்கூடாது. கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யவும் கூடாது.

பிறகு ஸ்பிண்டிலைத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் துருவை மட்டும் நீக்குங்கள். நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் காடி விழுந்திருந்தாலோ, சூட்டில் நீலம் பாரித்திருந்தாலோ, மரை சிதைந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஸ்பிண்டிலில் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் நிலைக்காது. ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.

மாட்டும் வரிசை

இதுவரை நீங்கள் முரடாக நடந்துகொண்டது தவறில்லை. இனி அது கூடாது. புதுப் பேரிங்குக்கு ஒரே விதி: எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்த வேண்டுமோ அந்த வளையத்தின் மேல் மட்டும் விசை விழவேண்டும். ஸ்பிண்டிலில் ஏறும் ஹப்பில் பொருந்துவது உள்வளையம். ஹப்பின் முகத்தில் சுத்தியலால் தட்டினால் விசை வெளிவளையத்திலிருந்து குண்டுகள் வழியாக உள்வளையத்துக்குப் போகும். அந்த ஓர் அடியிலேயே பாதையில் பள்ளம் விழுந்துவிடும்.

1. ஹப்பை உறையிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுங்கள். சீல் போட்ட பேரிங்கில் கம்பெனியே கிரீஸ் நிரப்பியிருக்கும். கழுவவோ கூடுதலாகத் திணிக்கவோ தேவையில்லை. ஏ.பி.எஸ். வளையம் காந்தத்தால் ஆனதாக இருந்தால், காந்த முனைக் கருவிகளை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

2. ஸ்பிண்டிலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தடவி, ஹப்பை நேராகக் கையால் தள்ளுங்கள். கோணலாக நின்றால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கடைசிச் சிறு தூரம் மட்டும் இறுக்கமாக இருந்தால், உள்வளையத்தின் மேல் மட்டும் உட்காரும் அளவுள்ள குழாய்த்துண்டை வைத்து மெல்லத் தட்டலாம்.

3. வாஷரை வைத்து, புது நட்டைக் கையால் ஏற்றுங்கள். பழைய நட்டை மறுபடி போடாதீர்கள்; அதன் விளிம்பு ஏற்கெனவே மடங்கிய உலோகம்.

4. டார்க் ரென்ச்சால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குங்கள். முன்பு சொன்ன சிவிக்கில் இது 181 நியூட்டன் மீட்டர். அதாவது 60 செ.மீ. கைப்பிடியின் நுனியில் சுமார் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். உங்கள் வண்டிக்கான அளவை அதன் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். ஒரு வண்டியின் அளவை இன்னொன்றுக்குப் போடக்கூடாது. இறுக்கும்போது இடையிடையே ஹப்பைச் சுற்றிவிடுங்கள்.

இந்த நட்டு ஹப்பைப் பிடித்து நிறுத்துவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. இத்தகைய பேரிங்கின் உள்வளையம் பொதுவாக இரண்டு பாதிகளாக இருக்கும். நட்டின் அழுத்தம்தான் அந்தப் பாதிகளை நெருக்கிக் குண்டுகளைச் சரியான இடத்தில் வைக்கிறது. குறைவாக இறுக்கினால் பாதிகள் விலகி ஆட்டம் வரும். அளவுமீறினால் மரை இழுபடும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கும்போது எவ்வளவு இறுகியது என்பது யாருக்கும் தெரியாது. வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் விழுவதற்கு முன்பே இந்த இறுக்கம் முடிந்திருக்க வேண்டும்.

5. மழுங்கிய பஞ்ச்சால் நட்டின் விளிம்பை ஸ்பிண்டிலின் காடிக்குள் மடக்கி, புதுத் தூசு மூடியைத் தட்டிப் பொருத்துங்கள்.

6. டிரம்மின் உட்புறத்தையும் ஷூக்களையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு டிரம்மை ஏற்றுங்கள். லைனிங்கில் கிரீஸ் பட்டால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது.

7. சக்கரத்தை மாட்டி, வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, வண்டியை இறக்கியபின் டார்க் ரென்ச்சால் முடியுங்கள். அதே சிவிக்கில் இதன் அளவு 108 நியூட்டன் மீட்டர்.

மற்ற இரண்டு வகைகள்

நான்கு போல்ட் வகையில் நடு நட்டு வேலையே இல்லை. ஏ.பி.எஸ். கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஹப் தட்டிலுள்ள துளை வழியாகவோ பின்புறமிருந்தோ போல்ட்டுகளை எடுக்க வேண்டும். சிக்கல் துருவில்தான். முந்தைய நாளே ஸ்பிரே அடித்து வைத்தால் மறுநாள் உழைப்பு குறையும். பழைய ஹப்பைப் பக்கவாட்டில் தட்டி இளக்குங்கள். போல்ட்டுகளே பிரேக் பேக் பிளேட்டையும் பிடித்திருக்கும் வண்டிகளில் அது பிரேக் குழாயில் தொங்காமல் தாங்கிக்கொள்ளுங்கள். புது ஹப் உட்காரும் முகத்தை உலோகம் தெரியச் சுத்தம் செய்யுங்கள். அங்கே ஒரு துருத் துணுக்கு இருந்தாலும் ஹப் கோணலாக உட்காரும்.

டிரம்முக்குள் பேரிங் இருக்கும் வகையில், பாதி வேலையை வெளியே கொடுப்பது புத்திசாலித்தனம். டிரம்மைக் கழற்றி, பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப்போங்கள். இங்கே டிரம்முக்குள் இறுக்கமாகப் பொருந்துவது வெளிவளையம். ஆகவே பிரஸ்ஸின் விசை வெளிவளையத்தின் மேல் விழவேண்டும். முதல் வகைக்கு இது நேர் எதிர். நடுவில் கம்பியை வைத்து அழுத்தத் தொடங்கினால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் குழாய்த்துண்டு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். சர்க்ளிப் இருந்தால் அது காடிக்குள் முழுவதும் விரிந்து உட்கார்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

வண்டியை எடுக்குமுன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சரிபாருங்கள். அட்ஜஸ்டரைத் தளர்த்தியிருந்தால் அதைப் பழையபடி கொண்டுவராமல் தெருவில் இறங்காதீர்கள். முதலில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். பிறகு பெரிய சாலைக்குப் போங்கள். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பின் சக்கரங்களின் நடுப்பகுதிச் சூட்டையும் புறங்கையை அருகில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். வேலை செய்த பக்கம் மட்டும் தெளிவாகச் சுட்டால் பிரேக் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். மடக்கிய நடு நட்டைத் தொட வேண்டாம்.

பிறகும் கோளாறு இருந்தால்

- அதே ஊளை தொடர்கிறது: மற்றப் பக்க பேரிங்கையும் டயர்களையும் சோதியுங்கள். பின்னால் கேட்பதுபோல் தோன்றும் சத்தம் முன் சக்கரத்திலிருந்தும் வரலாம்.
- உலோகம் உரசும் சத்தம்: பேக் பிளேட் வளைந்து டிரம்மைத் தொடுகிறது. கையால் நிமிர்த்தினால் போதும்.
- ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது: கனெக்டர் சரியாக உட்காரவில்லை, சென்சார் முனையில் துருத்தூள் இருக்கிறது, அல்லது வளையம் இல்லாத ஹப்பை வாங்கிவிட்டீர்கள்.
- சக்கரத்தில் ஆட்டம் தெரிகிறது: ஓட்டாதீர்கள். நடு நட்டின் இறுக்கம் குறைவு, அல்லது ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது. கழற்றிப் பார்த்துக் காரணம் கண்டபின்தான் வண்டி மறுபடி சாலைக்குப் போகவேண்டும்.